பல்லி பிடிக்கிறவரும் பள்ளிக்கூடத்துக் கக்கூஸும்

நாடகக் கொட்டகைக்குள் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. நாடகம் பார்க்கப் போகிறவர்கள் ஒரு ரகம். பல்லி பிடிக்கப் போகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, அழ வேண்டிய இடத்தில் மூக்கைச் சிந்தி, நடுவில் கொஞ்சம் தூங்கி, கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாம் பார்க்கப் போவது இரண்டாவது ரகத்தை.

பல்லி என்றதும் சுவரைப் பார்க்காதீர்கள். எங்கள் ருமேனியாவில் பழைய ஆட்சி நடந்த காலத்தில் மேடையில் எதையும் நேராகச் சொல்ல முடியாது. தணிக்கைக்காரர் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்திருப்பார். எழுதுகிறவர்களும் லேசுப்பட்டவர்களா? சொல்ல வேண்டியதை ராஜா கதையிலும் நரிக் கதையிலும் ஒளித்து, அவர் கண்ணில் மண்ணைத் தூவி மேடைக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் பென்சிலுக்குத் தப்பி நழுவி வந்த குத்தலுக்குத்தான் பல்லி என்று பெயர். அது மேடையில் தலைகாட்டியதும் கைதட்டுவதற்கென்றே ஜனங்கள் டிக்கெட் வாங்குவார்கள்.

அந்த ஆட்சி போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தணிக்கைக்காரர் போய்விட்டார், பென்சிலும் போய்விட்டது. பிடிக்கிறவர் மட்டும் போகவில்லை.

இந்த ரகத்தில் குறையே சொல்ல முடியாத ஒரு மாதிரி வேண்டுமா? வடகிழக்கே எங்கள் சின்ன நகரத்துக்கு வந்து தியோஃபில் சம்ஃபிராக்கே வீடு எது என்று கேளுங்கள். வயது எழுபத்துநாலு. உயர்நிலைப் பள்ளியில் இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவர். மாவட்டப் பத்திரிகையில் வாராவாரம் நாடக விமர்சனம் எழுதுகிறவர். கலாச்சார மாளிகையில் மூன்றாவது வரிசை இடது ஓரத்து நாற்காலி அவருடையது. தெரியாமல் யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால், எழுந்திருங்கள் என்று சொல்ல மாட்டார். எதிரே நின்று, "நாற்காலியை யார் பிடிக்கிறதுங்கறதுதானே எந்தக் காலத்துலயும் கேள்வி" என்று பெருமூச்சு விடுவார். அவர்கள் பயந்து எழுந்துவிடுவார்கள்.

நாடகம் ஆரம்பித்ததும் ஆளைக் கவனிக்க வேண்டும். கதாநாயகி விஷம் குடித்து உருண்டுகொண்டிருப்பாள். எல்லாரும் அவளைப் பார்ப்பார்கள். இவர் கண் மட்டும் பின்னால் அலமாரி மேல் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளரில் இருக்கும். சட்டென்று ஒரு கனைப்பு. பக்கத்து ஆளின் விலாவில் முழங்கையால் ஓர் இடி.

"பார்த்தீங்களா?"

"எதை ஐயா?"

"டம்ளரை. கவிழ்ந்திருக்கு."

"ஆமா. கழுவிக் கவுத்திருப்பாங்க."

அப்போது அவர் முகத்தில் ஒரு புன்னகை வரும். உலகத்தில் உள்ள அத்தனை அசடுகளையும் மன்னித்துவிட்ட புன்னகை. "மேலோட்டமாப் பார்த்தா அப்படித்தான் தெரியும்" என்பார்.

இந்த 'மேலோட்டமாப் பார்த்தா' இருக்கிறதே, அதுதான் அவருடைய முத்திரை. அதைச் சொல்லாமல் அவர் காப்பி குடித்ததில்லை, ரொட்டி வாங்கியதில்லை. வீட்டில் மாட்டிக்கொண்டவர் அவர் மனைவி ஒட்டிலியா அம்மாள். மருந்துக் கடையில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். மருந்துக் கடையில் ஒரு எழுத்துக்கு ஒரு அர்த்தம்தான். இரண்டாவது அர்த்தம் பார்த்தால் ஆள் காலி.

"ஏங்க, ரூமே ஐஸா இருக்கு, சுவத்து ரேடியேட்டர் சூடே ஆகலை. ஆளைக் கூப்பிடுங்க."

"மேலோட்டமாப் பார்த்தா ரேடியேட்டர்தான். ஆனா ஒரு சமூகம் சூடு இழக்கும்போது..."

"அடியாழம் வரைக்கும் பார்த்தாலும் ரேடியேட்டர்தான். போனை எடுங்க."

எப்படி ஆரம்பித்தது இந்த வியாதி? 1986, ஜனவரி. அந்த வருஷம் பொதுக் கட்டடங்களில் கணப்பு போடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு. கோட்டும் தொப்பியும் கையுறையுமாக உட்கார்ந்துதான் நாடகம் பார்க்க வேண்டும். மேடையில் கிழவர் வேஷம் போட்ட நடிகர் பேச்சின் நடுவே நின்றார். கைகளைத் தேய்த்துக்கொண்டார். "அப்பப்பா, இங்க என்ன குளிர்!" என்றார்.

ஒரு நொடி மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு மூன்றாவது வரிசை இடது ஓரத்தில் ஒரு ஜோடிக் கையுறை தட்டியது. அப்புறம் இன்னொரு ஜோடி. அப்புறம் அறுநூறு பேரும். நாலு நிமிஷம்! கொட்டகையில் இருட்டு, கைகளில் கையுறை, எவன் தட்டினான் என்று எந்த உளவாளியாலும் கண்டுபிடிக்க முடியாது. நாலு நிமிஷம் தட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்ப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். மறுநாளும் கணப்பு எரியவில்லை. ஆனால் முதலில் தட்டிய தியோஃபில், அன்றைக்குத் தான் ஒரு சர்க்காரையே ஆட்டிவிட்டதாக இன்று வரை நம்புகிறார்.

அந்த நடிகர் பிற்பாடு இருமல் மருந்து வாங்க ஒட்டிலியா அம்மாளின் கடைக்கு வந்தார். "அம்மா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அப்படி ஒரு வசனம் நாடகத்துலயே இல்லை. அடுத்த வசனம் மறந்துபோச்சு. நிஜமாவே குளிரிச்சு. வாயில அதுதான் வந்துச்சு" என்றார். அம்மாள் இந்த ரகசியத்தை மூன்று வருஷம் காப்பாற்றி, ஒரு சண்டையில் போட்டு உடைத்தார். தியோஃபில் அசரவில்லை. "அவன் வெறும் நடிகன். அவன் என்ன சொன்னான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

காலம் மாறியது. இப்போது எழுதுகிறவர்கள் மந்திரியைத் திட்ட வேண்டுமென்றால் பெயர் சொல்லியே திட்டுகிறார்கள். இத்தாலிக்கு வேலைக்குப் போன அம்மாவைப் போன் திரையில் பார்த்து வளரும் பிள்ளைகள், அப்படியே தங்கள் சொந்தப் பெயரோடு மேடைக்கு வருகிறார்கள். ஜிப்ஸி என்று ஊர் ஒதுக்கி வைத்த ரோமா இனத்துப் பெண் ஒருத்தி தனியாக நின்று, ஊர் தன்னை என்னென்ன சொல்லி விரட்டியது என்று ஒன்றரை மணி நேரம் சொல்கிறாள். பல்லி பிடிக்கிறவருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். எல்லாமே வெளிச்சத்தில் இருந்தால் அவர் எதைத்தான் கண்டுபிடிப்பது?

ஆனால் விடுவாரா? அந்த ரோமா நடிகையிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "மேலோட்டமாப் பார்த்தா நீங்க ரோமாக்களைப் பத்திச் சொல்றீங்க. உண்மையில நாம எல்லாருமே ஒரு வகையில ரோமாதான், இல்லையா?" என்றார்.

அவள் கையை உருவிக்கொண்டாள். "அப்படிங்களா ஐயா? உங்களை எந்தக் கடையில வாசலோட நிறுத்தினாங்க?"

"பார்த்தீங்களா, 'வாசல்'!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார் தியோஃபில். நோட்டுப் புத்தகத்திலும் குறித்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவரைத் தேடித்தான் ஓர் அக்டோபர் மாதம் ஸ்மரண்டா டீச்சர் வந்தாள். நகரத்திலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம் போனால் பர்லெஷ்டி என்ற கிராமம். அங்கே இரண்டே வகுப்பறை உள்ள பள்ளிக்கூடம். அதற்கு இவள் ஒருத்தியே டீச்சர். பிள்ளைகளை வைத்து நாடகம் எழுதியிருந்தாள். நாடகத்தின் பெயர் 'கக்கூஸ்'.

"ஐயா, எங்க ஸ்கூல் கக்கூஸ் முற்றத்துக் கோடியில இருக்கு" என்றாள். "மரக் கூண்டு, கீழ குழி, அவ்வளவுதான். பலகையெல்லாம் உளுத்துப்போச்சு. போன பிப்ரவரியில ஒண்ணாங் கிளாஸ் இலீங்கா பலகை ஒடிஞ்சு தொடை வரைக்கும் உள்ள போயிட்டா. பனி கொட்டிக்கிட்டிருந்துச்சு, அவ கத்தினது யாருக்கும் கேக்கலை. பக்கத்து வீட்டு நாய் விடாம குரைச்சதாலதான் நான் ஓடிப்போய்ப் பார்த்தேன்."

தியோஃபில் கண்ணை மூடிக்கொண்டார். "குழி..." என்றார்.

"ஆமா ஐயா, குழி."

"ஒரு கால் உள்ளே. ஒரு கால் வெளியே."

"ஆமா. அவளோட ஒரு பூட்ஸு கிடைக்கவே இல்லை."

"ஆகா! கிடைக்கவே இல்லை!"

வந்தவர்களுக்கு வழக்கமாக வைக்கிற சீமைமாதுளை ஜாமும் தண்ணீரும் கொண்டுவந்த ஒட்டிலியா அம்மாள்தான் மனுஷத்தனமாக ஒரு கேள்வி கேட்டார். "இப்ப அந்தக் குழந்தை எப்படிம்மா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கா அம்மா. ஆனா ஸ்கூலுக்கு வந்தா தண்ணியே குடிக்க மாட்டேங்கறா. அங்க போக வேண்டி வந்துடுமோன்னு பயம்."

"கேட்டியா ஒட்டிலியா? தாகம்!" என்றார் தியோஃபில்.

ஸ்மரண்டா பொறுமைசாலி. "மூணு வருஷமா மனு எழுதறேன் ஐயா. ஒருத்தரும் படிக்கலை. நாடகம்னா உக்காந்து பார்த்துத்தானே தீரணும்? சனிக்கிழமை மத்தியானம் உங்க கலாச்சார மாளிகையில போடறோம். எங்க மேயர் முன்வரிசையில உக்காருவாரு. புதன்கிழமை கவுன்சில் கூட்டம். அன்னிக்கு முடிவு பண்ணினாத்தான் பனி இறுகறதுக்குள்ள ஸ்கூலுக்குள்ளயே ஒரு கக்கூஸ் கட்ட முடியும். வாசல்ல மனுவும் பேனாவும் வைக்கறேன். நீங்க எழுந்து, 'இவங்களுக்குக் கக்கூஸ் கட்டிக் கொடுங்க'ன்னு ஒரே ஒரு வரி சொன்னாப் போதும். நீங்க சொன்னா ஊர் கேட்கும்."

"சொல்றேன்" என்றார் தியோஃபில். அவரைப் பொய்யர் என்று சொல்ல முடியாது. சொல்லத்தான் செய்தார்.

சனிக்கிழமை கூட்டம் நிரம்பி வழிந்தது. மேடையில் வேறு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துக் கக்கூஸின் நிஜக் கதவையே கழற்றிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். பிள்ளைகள் பனியில் வரிசையாக நின்று நடித்தார்கள், மேலதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார்கள், வந்த பதிலைப் படித்தார்கள்: 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது.' ஜனங்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. கடைசியில் ஏழு வயசு இலீங்கா மேடை விளிம்புக்கு வந்து, முன்வரிசையைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"மேயர் மாமா! எங்களுக்கு ஸ்கூலுக்குள்ளயே ஒரு கக்கூஸ் வேணும். தாழ்ப்பாளோட."

இதைவிட நேராக எப்படிச் சொல்வது? பர்லெஷ்டி மேயர் கவ்ரிலாவின் கழுத்து பீட்ரூட்டாகச் சிவந்தது. கைக்குட்டையை எடுத்தார், வைத்தார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பின்வரிசையிலிருந்து யாரோ, "கட்டிக் குடுய்யா!" என்றார்கள். மேயர் எழுந்தேவிட்டார். 'சரி, கட்டித் தர்றேன்' என்ற வார்த்தை அவர் நாக்கு நுனி வரை வந்துவிட்டது என்று அவர் பெண்டாட்டியே பிற்பாடு சொன்னாள்.

அப்போது மூன்றாவது வரிசை இடது ஓரத்தில் ஒரு கனைப்பு கேட்டது.

"நண்பர்களே! மேலோட்டமாப் பார்த்தா நாம இன்னிக்கு ஒரு கக்கூஸைப் பார்த்தோம்."

நாற்பது நிமிஷம் பேசினார். அந்தக் குழி, பழைய ஆட்சியைக் கவிழ்த்த புரட்சிக்குப் பிறகு நம் நெஞ்சில் விழுந்த குழியாம். உளுத்த பலகை, நம் நிறுவனங்களாம். தொலைந்த பூட்ஸ், வெளிநாடு போய்த் திரும்பாத நம் இளைஞர்களாம். நாய் குரைத்ததே, அது பத்திரிகையாம். முற்றம்? "முற்றம்தான் நண்பர்களே ஐரோப்பா! அதைக் கடக்க நமக்கு நாற்பது அடி!"

"ஐயா, அது ஸ்கூல் முற்றம்தான்" என்றாள் ஸ்மரண்டா. "நான் அளந்து பார்த்தேன். நாற்பது அடி."

"படைக்கிறவங்களுக்கு என்ன படைச்சோம்னு எப்பவும் தெரியாது" என்றார் தியோஃபில் அன்போடு. கூட்டம் அன்போடு சிரித்தது.

மேடையில் இலீங்கா டீச்சரின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர், அப்ப நான் எதுல விழுந்தேன்?"

எல்லாரும் மேயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கழுத்தின் நிறம் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கக்கூஸ் கட்டத் துப்பில்லாத ஆளாக இருந்தவர், பத்தாவது நிமிஷத்தில் ஒரு தேசத்தின் துயரத்துக்குச் சாட்சியாகிவிட்டார். இருபதாவது நிமிஷத்தில் உட்கார்ந்தார். முப்பதாவது நிமிஷத்தில் கால்மேல் கால் போட்டார். பேச்சு முடிந்ததும் முதலில் கைதட்டியவர் அவர்தான். "நம்ம பர்லெஷ்டிக்கு இவ்வளவு ஆழம் இருக்குன்னு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சே!" என்று கண்ணீர் விட்டார்.

வாசலில் மனு இருந்தது, பேனா இருந்தது. ஆனால் தேசத்தின் நெஞ்சுக் குழியைப் பற்றி நாற்பது நிமிஷம் கேட்டவர்களுக்குத் தச்சு வேலைக்கும் சிமெண்டுக்கும் கையெழுத்துப் போடுவது கொஞ்சம் அற்பமாகத் தெரிந்தது. மேஜையைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒட்டிலியா அம்மாள் ஒருவர்தான் கொட்டை எழுத்தில் கையெழுத்துப் போட்டுப் பேனாவைக் கணவரிடம் நீட்டினார்.

"கலையை மனுவாச் சுருக்கக்கூடாது ஒட்டிலியா" என்றார் அவர். பழைய ஆட்சியிலும் அவர் எந்த மனுவிலும் கையெழுத்துப் போட்டவரில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இருட்டில் கைதட்டியதோடு சரி.

செவ்வாய்க்கிழமை பத்திரிகையில் அவருடைய கட்டுரை அரைப் பக்கம் வந்தது. புதன்கிழமை கவுன்சில் கூடியது. மேயர் கட்டுரையை முழுக்க வாசித்தார். ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: பர்லெஷ்டி பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் இனிமேல் மக்கள் மனசாட்சியின் நினைவுச் சின்னம். அதற்கு வர்ணம் அடிக்கப்படும், வெண்கலப் பலகை பதிக்கப்படும், பூட்டு போடப்படும். புதுக் கக்கூஸ்? அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே புதிதாக ஒன்று எழும்பினால் சின்னத்தின் மதிப்புக் குறைந்துவிடும் என்று ஒரு கவுன்சிலர் கவலைப்பட்டார்.

ஆக, பிள்ளைகளுக்கு இருந்த ஒன்றும் போயிற்று. அவசரம் என்றால் சர்ச்சுக்குப் பின்னால் மணியடிக்கிறவர் வீட்டுக்கு ஓட வேண்டும். இருநூறு அடி. அதையும் ஸ்மரண்டா அளந்து வைத்திருந்தாள்.

திறப்பு விழாவைத் தேசிய தினத்தன்று வைத்தார்கள், டிசம்பர் ஒன்று. சிறப்புப் பேச்சாளர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் ஒட்டிலியா அம்மாள் கணவரின் ரத்த அழுத்த மாத்திரையைக் கொடுத்தார். நீர் பிரிய வைக்கும் மாத்திரை.

"பஸ் ஏறறதுக்கு முன்னாடி ஒரு தடவை போயிட்டு வந்துடுங்க."

"போறதுக்கு முன்னாடி போயிட்டு வர்றது... நல்லா இருக்கே!" என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டாரே தவிர, போகவில்லை.

பர்லெஷ்டியில் மேயர் அலுவலகத்தில் உபசாரம் தடபுடல். மிளகு போட்டுக் காய்ச்சிய பிளம் சாராயம் இரண்டு கோப்பை, தேநீர் மூன்று கோப்பை, ஒரு பெரிய கிண்ணம் பீன்ஸ் சூப். பிறகு பனியில் விழா. கீதம் பாடினார்கள். பாதிரியார் பசுந்தழைக் கொத்தைப் புனித நீரில் முக்கிக் கக்கூஸின் நாலு பக்கமும் தெளித்தார். மூவர்ணப் பட்டையை மார்பில் குறுக்கே போட்டுக்கொண்டு மேயர் பேச ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

தியோஃபில் முதலில் இடது காலை வலது காலுக்கு முன்னால் வைத்தார். பிறகு வலது காலை இடது காலுக்கு முன்னால் வைத்தார். நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்வை. கடைசியில் முட்டிகளை ஒட்ட வைத்துக்கொண்டு, வேலியோரம் பிள்ளைகளோடு நின்ற ஸ்மரண்டாவிடம் போனார்.

"அம்மா, சாவி எங்கே?"

"எந்தச் சாவி ஐயா?"

"அதோட சாவி. அந்தக் கதவு."

"மேலோட்டமாப் பார்த்தா அது கதவுதான் ஐயா."

"விளையாடாதம்மா. எனக்கு ரொம்ப அவசரம்."

"எங்களுக்கும் அவசரம்தான் ஐயா. மூணு வருஷமா." சொல்லிவிட்டாளே தவிர, அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே மனசு இளகிவிட்டது. "சாவி மேயர்கிட்ட இருக்கு. நெஜமாத்தான் சொல்றேன். பசங்க எல்லாம் மணியடிக்கிறவர் வீட்டுக்குத்தான் போறாங்க. அதோ, சர்ச்சுக்குப் பின்னால. நடந்துடுவீங்களா?"

அவர் பார்த்தார். வழி முழுக்க ஐஸ். இருநூறு அடி. எழுபத்துநாலு வயசுக்கு அது அடுத்த நாடு.

"நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன் தாத்தா" என்றாள் இலீங்கா. "நீங்க காலையில தண்ணியே குடிச்சிருக்கக் கூடாது. நான் குடிக்க மாட்டேன்."

அவர் அவள் கையைப் பிடித்தார். ஓரடி எடுத்து வைத்தார். அதற்குள் ஒலிபெருக்கியில் அவர் பெயர் ஒலித்தது. மேயர் ஓடிவந்து மறு கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தார்.

"கவ்ரிலா, சாவி... சாவியைக் குடுய்யா..."

"பேசிட்டு வாங்க ஐயா, எல்லாம் அப்புறம்."

மைக் முன்னால் நின்றார். எதிரே மாவட்டமே உட்கார்ந்திருந்தது. அவருக்குக் குழியும் ஞாபகம் வரவில்லை, ஐரோப்பாவும் ஞாபகம் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் நேராக ஒரு வாக்கியம் பேசியறியாத வாயிலிருந்து அன்று ஒன்று வந்தது.

"எனக்கு ஒண்ணுக்கு வருது. கதவைத் திறங்க."

ஒரு நொடி மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு மூன்றாவது வரிசை இடது ஓரத்தில் ஒரு ஜோடிக் கையுறை தட்டியது. அப்புறம் இன்னொரு ஜோடி. அப்புறம் எல்லாரும். எழுந்து நின்று தட்டினார்கள்.

"கதவைத் திறங்க! என்ன வார்த்தை, என்ன வார்த்தை!"

"பல்லிடா இது, பல்லி! எத்தனை வருஷம் ஆச்சு!" என்று ஒரு கிழவர் அழுதேவிட்டார்.

"இல்லைங்க! நிஜமாவே வருது! உள்ளர்த்தம் ஒண்ணும் இல்லை! கடவுளே, நான் சொல்றதைக் கேளுங்களேன்!"

கைதட்டல் இரண்டு மடங்கானது. மேயர் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார். அந்த நிலைமையில் ஒரு மனுஷனைக் கட்டிப்பிடிக்கலாமா? நாலு நிமிஷம் தட்டினார்கள். நாலாவது நிமிஷம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நீளமான கோட்டு. முன்வரிசைக்குத் தெரியவில்லை. வேலியோரம் நின்றவர்களுக்குத் தெரிந்தது. பூட்ஸைச் சுற்றிப் பனி மஞ்சளாகி லேசாக ஆவி பறந்தது. தியோஃபிலுக்கு வெட்கத்தில் உயிரே போயிற்று. இவ்வளவு பேர் எதிரில், இத்தனை வயசில். குழந்தை மாதிரி அழுதார். அதற்கும் கைதட்டினார்கள். அப்போதுதான், அந்த ஈரம் தொடையில் குளிர ஆரம்பித்தபோதுதான், அந்தப் பழைய நடிகர் மருந்துக் கடையில் சொன்னது அவருக்கு உறைத்தது. நிஜமாவே குளிரிச்சு.

இலீங்கா மேடையேறி வந்து தன் சால்வையை நீட்டினாள். "பரவால்ல தாத்தா. எனக்கும் ஆயிருக்கு."

அவர் ஸ்மரண்டாவைப் பார்த்தார். "அந்த மனு இருக்காம்மா?"

கைப்பையில்தான் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும். ஒட்டிலியா அம்மாளின் கொட்டை எழுத்துக்குக் கீழே தன் முழுப் பெயரையும் எழுதினார். வாழ்க்கையில் முதல் மனு. நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து, "நீங்களும் வந்து போடுங்க. இந்தப் பசங்களுக்கு ஒரு கக்கூஸ் வேணும். வேற ஒண்ணும் இல்லை, கக்கூஸ்!" என்றார்.

"பார்த்தியா, மனு போடற மாதிரியே நடிச்சுக் காட்டறாரு" என்று இரண்டாவது வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளின் விலாவில் இடித்தார். "அந்தக் காகிதம் என்னன்னு நினைக்கற? மேலோட்டமாப் பார்க்காதே."

அந்த வாரப் பத்திரிகையிலும் அப்படித்தான் வந்தது. வேறு யாரோ எழுதியிருந்தார்கள். தியோஃபில் மறுப்புக் கடிதம் அனுப்பினார். அதை நகைச்சுவைப் பகுதியில் போட்டார்கள்.

இந்த ரகத்தைப் பார்த்துச் சிரித்தாயிற்றா? நல்லது. இப்போது உங்களிடம் தனியாக ஒரு வார்த்தை. படித்துக்கொண்டே வரும்போது, இந்தக் கக்கூஸ் உண்மையில் எதைச் சொல்கிறது என்று ஓர் இடத்திலாவது யோசித்தீர்களா? தொலைந்த பூட்ஸின் அடியில் மனசுக்குள் ஒரு கோடு போட்டீர்களா? அட, இது நம் ஊர்க் கதையல்லவா, இன்னாரைத்தானே குத்துகிறான் என்று ஒரு புன்னகை வந்ததா? அப்படியானால் ஒரு நல்ல செய்தி: தியோஃபில் இப்போதெல்லாம் நாடகத்துக்கு வருவதில்லை. மூன்றாவது வரிசை இடது ஓரத்து நாற்காலி காலியாக இருக்கிறது, கையுறையோடு வாருங்கள்.

அப்படி எதுவும் யோசிக்கவில்லையென்றால், மனு இன்னும் ஸ்மரண்டாவின் கைப்பையில்தான் இருக்கிறது. இரண்டு கையெழுத்து விழுந்திருக்கிறது. இந்த வருஷம் பனி சீக்கிரமே கொட்ட ஆரம்பித்துவிட்டது, பர்லெஷ்டியில் இலீங்கா இன்றைக்கும் தண்ணீர் குடிக்காமல்தான் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.